குருவி தலையில் பனங்காய்

ஹூக்ளி நதி கொல்கத்தா நகரைக் கடந்து தென்மேற்காகத் திரும்புமிடத்தில், அதன் இடக்கரையில் கார்டன் ரீச் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பெனி வெள்ளையர்கள் இங்கே ஆற்றோரமாகத் தோட்ட மாளிகைகள் கட்டி வாழ்ந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. 1856-இல் அவத் நாட்டை இழந்த நவாப் வாஜித் அலி ஷா, இதனையொட்டிய மேடியாபுரூஜில் வந்து தங்கி, 1887-இல் இங்கேயே உயிர் நீத்தார். அவருடைய பரிவாரத்தோடு வந்தவர்கள் வழியே வளர்ந்ததாகச் சொல்லப்படும் தையற்தொழில் இன்றும் இவ்வட்டாரத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. நம்மவர்க்கோ இவ்வூர் வேறொரு வகையில் தெரிந்த ஊர். தென்கிழக்கு இரயில்வேயின் தலைமை அலுவலகம் இங்கிருப்பதால், கரக்பூர் முதலிய இடங்களில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, மாறுதல் உத்தரவுத் தாளின் தலைப்பிலேயே கார்டன் ரீச் அறிமுகமாகியிருக்கும்.

இவ்வூரின் மற்றொரு புகழ் கப்பல் தொழில். 1884-இல் ஆற்று நீராவிப் படகுகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறையாகத் தொடங்கியது, 1934-இல் கார்டன் ரீச் ஒர்க்ஷாப் என்னும் கம்பெனியாயிற்று. 1960-இல் இந்திய அரசு அதனை வாங்கியது. மறு ஆண்டிலேயே 'அஜய்' என்னும் போர்ப் படகு அங்கிருந்து கடற்படைக்குச் சென்றது. 1977-இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்நிறுவனம், 2019-இல் தன் நூறாவது போர்க்கலத்தை ஒப்படைத்தது. கப்பல் கட்டுகிறவனுடைய வேலையில் பாதி, எஞ்சினுக்கும் உடலுக்கும் பொருத்தம் பார்ப்பதுதான். எஞ்சின் எவ்வளவு கனம், எந்த இடத்தில் அமர்த்தினால் கலம் சாயாது, அதிர்ச்சியை எந்தப் பலகை தாங்கும் என்பவற்றை முன்னரே கணக்கிட்டு முடித்த பிறகுதான் அவன் இரும்பை வெட்டுவான்.

அதே நதியில், கணக்கு எதுவும் பாராமல் எஞ்சின் ஏறிய படகுகளும் ஓடுகின்றன. வயலுக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை நாட்டுப் படகின் பின்புறத்தில் பூட்டி, ஒரு தண்டும் விசிறியும் சேர்த்து ஓட்டுகிறார்கள். அது எழுப்பும் ஓசையைக் கொண்டு வங்காளியர் அதற்குப் 'பட்பட்டி' என்று பெயரிட்டிருக்கின்றனர். ஊர்ப்புறங்களில் மோட்டார் சைக்கிளையும் அப்பெயராலேயே அழைப்பவர் உண்டு. இந்தி பேசுவோர் 'பட்பட்டியா' என்பர். படகுக்கும் இருசக்கர வண்டிக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். வண்டியின் உருவத்தைப் பார்த்து மக்கள் பெயரிடவில்லை. அதனுள் அமர்ந்திருக்கும் எஞ்சினைக் கேட்டுப் பெயரிட்டார்கள்.

தனக்கென்று செய்யப்படாத எஞ்சினை, அதுவும் தன் அளவுக்கு மீறிய எஞ்சினைத் தாங்கிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். குருவி தலையில் பனங்காயை வைத்தாற்போல என்பார்களே, அதற்கு இவ்வண்டிகளைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பதரிது. ஆயினும் இவை வெறும் வேடிக்கைப் பொருள்களல்ல. சற்று ஆராய்ந்தால், மோட்டார் சைக்கிள் என்பதே பிறந்தபோது இப்படிப் பிறந்ததுதான் என்பது தெரியவரும்.

1885-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்னும் ஊரில் காட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்ற இருவர் சிறிய, வேகமாகச் சுழலும் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைச் செய்தனர். 264 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் அரைக் குதிரை சக்தியும் உடையது அது. இதனை வண்டியிலும் படகிலும் பொருத்துவதே அவர்கள் நோக்கம். அதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டுமே! ஆகவே மரத்தாலான இருசக்கரச் சட்டம் ஒன்றைக் கூட்டி, விழாமலிருக்க இருபுறமும் சிறு சக்கரங்கள் வைத்து, நடுவில் எஞ்சினை நிறுத்தினர். அவ்வாண்டு நவம்பரில் டைம்லரின் மகன் பால் அதிலேறிச் சில கிலோமீட்டர் தூரம் சென்றான். எஞ்சினைப் பற்ற வைக்கும் சூடான குழாய் ஆசனத்துக்கு நேர் கீழே இருந்தமையால் ஆசனமே தீப்பற்றிக்கொண்டது என்று சொல்வதுண்டு. உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று இன்று போற்றப்படும் அவ்வண்டி, செய்தவர்களுக்கு எஞ்சினை வைத்துப் பார்க்கும் ஒரு முக்காலிதான். மறு ஆண்டே அவர்கள் குதிரை வண்டிக்கும் படகுக்கும் சென்றுவிட்டார்கள். இருசக்கர வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்த மேபாக்கின் கதைக்குக் கார்டன் ரீச்சோடு ஒரு தொடர்பு உண்டு. 1909-இல் அவர் தம் மகன் கார்லுடன் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். அதன் வழிவந்ததே எம்.டி.யூ. என்னும் ஜெர்மானிய எஞ்சின் நிறுவனம். கார்டன் ரீச் கப்பல் நிறுவனத்துக்கு ராஞ்சியில் ஒரு டீசல் எஞ்சின் பிரிவு உண்டு. அங்கே கூட்டிச் சோதிக்கப்படுபவை எம்.டி.யூ. எஞ்சின்களே. மரச்சட்டத்தில் அரைக் குதிரை சக்தியுடன் தொடங்கிய பரம்பரை, ஆயிரக்கணக்கான குதிரை சக்தியுடன் ஹூக்ளிக் கரைக்கும் வந்து சேர்ந்தது.

டைம்லருக்குப் பிறகு, வேற்று எஞ்சினை இருசக்கரத்தில் ஏற்றியவர்களுள் முதலிடம் பெறுபவர் அமெரிக்கரான க்ளென் கர்ட்டிஸ். நியூயார்க் மாகாணத்தில் ஹாமண்ட்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பிற்காலத்தில் விமானத் தொழிலில் பெரும் பெயர் பெற்றார். பறக்கும் முயற்சியில் இறங்கியவர்களுக்கு இலேசான எஞ்சின்கள் செய்து கொடுத்துவந்த அவர், எட்டுச் சிலிண்டர்களை வி வடிவில் அமைத்து, 40 குதிரை சக்தியுள்ள ஓர் எஞ்சினை உருவாக்கினார். அதன் கொள்ளளவு நான்கு லிட்டருக்கும் மேல். இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் மூன்றின் எஞ்சின்களைச் சேர்த்தாலும் அவ்வளவுக்கு எட்டாது. அதனை நீண்ட சைக்கிள் சட்டம் ஒன்றில் பூட்டினார். கியர் இல்லை, கிளட்ச் இல்லை. எஞ்சினிலிருந்து ஒரு தண்டு நேரே பின்சக்கரத்தைச் சுழற்றும். வண்டியின் மொத்த எடை ஏறத்தாழ 125 கிலோதான்.

1907 ஜனவரி 24-ஆம் நாள், ப்ளாரிடாவில் ஆர்மண்ட் கடற்கரை மணலில் கர்ட்டிஸ் இதன்மீது குப்புறப் படுத்தாற்போல அமர்ந்து ஒரு மைலை 26.4 விநாடியில் கடந்தார். மணிக்கு 136 மைல், அதாவது 219 கிலோமீட்டர். அதுவரை எந்த வாகனத்திலும் எந்த மனிதனும் அந்த வேகத்தைக் கண்டதில்லை. அடுத்த ஓட்டத்தில் தண்டின் இணைப்பு முறிந்தது, சட்டமும் வளைந்தது, அவர் உயிர் பிழைத்தது புண்ணியம். எதிர்த் திசையிலும் ஓடிக் காட்டாமையால் அச்சாதனை முறைப்படி ஏற்கப்படவில்லை. வண்டி இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

முறிந்த அந்த இணைப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். பெரிய எஞ்சினைச் சிறிய வண்டியில் வைப்பவன் எதிர்ப்படும் தொல்லைகள் அனைத்தும் அதில் அடங்கியிருக்கின்றன. கார் எஞ்சினின் சுழல்தண்டு பெரும்பாலும் வண்டியின் நீளவாக்கில் கிடக்கும். மோட்டார் சைக்கிளின் செயினோ அகலவாக்கில் சுழலும் பல்சக்கரத்தை வேண்டும். ஆகவே சுழற்சியை எங்கேனும் ஓரிடத்தில் செங்கோணமாகத் திருப்பியாக வேண்டும். நீளவாக்கில் சுழலும் கனத்த தண்டு வேறொரு குறும்பும் செய்யும். நின்ற நிலையில் விசையைத் திடீரெனத் திருகினால், வண்டி முழுதும் ஒரு பக்கமாகச் சாய முயலும். நான்கு சக்கர வண்டியில் இதனை நாம் உணர்வதேயில்லை. இரு சக்கரத்தில் காலை ஊன்றித் தடுக்க வேண்டும். அடுத்தது டயர். பெரும் சக்தியைச் சாலைக்குக் கொடுக்க அகலமான டயர் வேண்டும். அகலமான டயரோ வளைவில் சாய்ந்து திரும்ப இடங்கொடாது. தண்ணீரால் குளிரும் எஞ்சினானால் ரேடியேட்டருக்கு இடம் தேட வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின், ஓடுகிறதை நிறுத்தப் போதுமான பிரேக் இருக்கிறதா என்ற கேள்வி வரும். மேடியாபுரூஜின் தையற்காரர் ஆளைப் பார்த்து அளவெடுத்துத் துணியை வெட்டுகிறார். இங்கோ, துணி முன்பே தைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நுழைய வேண்டியவர் இருமடங்கு பருமனாக வந்து நிற்கிறார்.

இத்தனையும் தெரிந்தே அத்துணிவில் இறங்கியவர்கள் மேலைநாடுகளில் பலர். ஜெர்மனியில் ப்ரீடல் ம்யூன்ஷ் என்பவர் 1966-இல் என்.எஸ்.யூ. சிறு காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டி 'மாமத்' என்னும் வண்டியைச் செய்தார். அமெரிக்காவில் 1990-இல் மாண்டி வார்ன் என்பவர் ஷெவர்லே காரின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு 'பாஸ் ஹாஸ்' வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். எடை அரை டன் அளவு. 2003-இல் டாட்ஜ் கம்பெனி 8.3 லிட்டர் எஞ்சினைப் பூட்டி 'டோமஹாக்' என்று காட்சிக்கு வைத்தது. அதன் சுமையைத் தாங்க இரண்டு சக்கரம் போதாமல் நான்கு வைத்தார்கள். நான்கு சக்கரம் வந்தபின் அதனை மோட்டார் சைக்கிள் என்பதைவிடக் கதவில்லாத கார் என்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

இவற்றுள் பிரேசில் நாட்டு 'அமேசோனாஸ்' மட்டும் தனித்து நிற்கிறது. எழுபதுகளின் நடுவில் அந்நாட்டு அரசு அயல்நாட்டு மோட்டார் சைக்கிள்களின் இறக்குமதியைத் தடுத்தது. பெரிய மோட்டார் சைக்கிள் கிடைக்கவில்லை. ஆனால் வோக்ஸ்வாகன் வண்டுக் கார் உள்நாட்டிலேயே தெருவெல்லாம் ஓடியது. சாவோ பாவ்லோ நகரத்து மெக்கானிக்குகள் இருவர் அந்தக் காரின் 1600 எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் அப்படியே எடுத்து இருசக்கரச் சட்டத்தில் அமைத்தனர். 1978 முதல் அது தொழிற்சாலையில் செய்யப்பட்டு விற்பனையாயிற்று; போலீசாரும் வாங்கினர். காரின் கியர்ப் பெட்டியாதலால் பின்னோக்கிச் செல்லும் கியரும் கூடவே வந்தது. அவ்வளவு கனத்த வண்டியைத் தள்ளிப் பின்வாங்க முடியாதாகையால் அது வசதியாகவே இருந்ததாம். வேக ஆசையால் பிறந்த வண்டியன்று இது. கையிலிருப்பதைக் கொண்டு காரியம் முடிக்கும் அவசியம் பெற்ற பிள்ளை. நம் நாட்டுக் கதையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் தளவாடங்கள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து குவிந்தன. இன்று நேதாஜி சுபாஷ் துறை எனப்படும் கிங் ஜார்ஜ் துறை, கார்டன் ரீச்சை ஒட்டியதுதான். அங்கே இறங்கிய பொருள்கள் அஸ்ஸாம் வழியாகப் பர்மாவுக்கும் சீனத்துக்கும் சென்றன. 1943 டிசம்பரில் ஜப்பானியர் கிதிர்பூர்த் துறையின்மீது குண்டு வீசியதும் இந்தப் போக்குவரத்தைக் குலைப்பதற்கே. போர் முடிந்தபின் இந்தியா முழுவதிலும் இராணுவ வண்டிகள் ஏலத்துக்கு வந்தன; அவற்றுள் 750 கன சென்டிமீட்டர் ஹார்லி டேவிட்ஸன் மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. குடும்பஸ்தன் ஒருவன் தன்னந்தனியே ஏறிச் செல்ல அது பெட்ரோலை விழுங்கும் யானை. தில்லி மெக்கானிக்குகள் அதற்கு வழி கண்டார்கள். முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை வெட்டி, இரு சக்கரமும் பலகை ஆசனங்களும் கூரையும் கூட்டினர். தில்லியில் வாழ்ந்த நம்மவர் கன்னாட் ப்ளேஸிலிருந்து சாந்தினி சௌக்குக்கு அதில் நெருக்கியடித்துக்கொண்டு சென்றிருப்பர். அதன் பெயர்தான் 'பட்பட்டி'. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்.

ஆண்டுகள் செல்லச் செல்ல ஹார்லியின் உதிரிப் பாகங்கள் அருகின. பெட்ரோல் விலையும் ஏறிற்று. அப்போது செய்த இரண்டாவது மாற்றமே நம் பொருளுக்கு முக்கியமானது. அமெரிக்க எஞ்சினைக் கழற்றிவிட்டு, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை அவ்விடத்தில் அமர்த்தினர். வேகம் குறைந்தது, அதிர்ச்சி கூடிற்று, நகரத்தின் காதும் மூக்கும் துன்புற்றன. ஆனால் ஓட்டுநரின் அன்றாடக் கணக்கு நேரானது. அடையாளத்துக்கு ஹார்லியின் கைப்பிடியும் முன் கவையும் மட்டும் நின்றன. காற்று மாசு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளை ஒட்டி, 1998-இல் இவை தில்லித் தெருக்களிலிருந்து விலக்கப்பட்டன. மருத்துவர்களைக் கேட்டால், அது நல்ல முடிவு என்றே சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆயினும் கர்ட்டிஸின் ஒரே ஒரு வண்டியைக் காப்பாற்ற ஒரு தேசிய நிலையம் இருந்தது. ஒரு தலைநகரத்தையே அரை நூற்றாண்டு சுமந்த பட்பட்டிகளை முதன்முதல் வெட்டிக் கூட்டிய மெக்கானிக்குகளின் பெயரைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். எல்லைக் காவலுக்கென்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் இராணுவம் இங்கிலாந்திலிருந்து ராயல் என்பீல்ட் புல்லட்டை வாங்கலாயிற்று. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்பீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறந்த நாட்டில் அப்பெயர் 1970-ஐ ஒட்டி மறைந்துவிட, வடிவுடையம்மன் கோயில் ஊரில் மட்டும் அது உயிர் வாழ்ந்தது. வெளிமாநிலத்தில் ஒரு புல்லட் ஓடும் ஓசையைக் கேட்கும்போது, அது நம் ஊரிலிருந்து வந்தது என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு எழுகிறது?

அந்தப் புல்லட்டுக்கும் பனங்காய் வந்து சேர்ந்தது. எண்பதுகளில் வட மாநிலங்களின் மெக்கானிக்குகள், பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் ஆன சிறு டீசல் எஞ்சின்களைப் புல்லட் சட்டத்தில் பொருத்தத் தொடங்கினர். டீசல் விலை பெட்ரோலைவிட மிகக் குறைவாயிருந்த காலம் அது. பட்டறைக்காரர்கள் காட்டிய வழியைத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையும் பின்பற்றிற்று. க்ரீவ்ஸ் லோம்பார்டினி நிறுவனத்தின் 325 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினைப் பூட்டி அது விற்ற வண்டியே என்பீல்ட் டீசல். தொழிற்சாலையில் தொகுதியாகச் செய்யப்பட்ட டீசல் மோட்டார் சைக்கிள்களில் உலகிலேயே முதலிடம் இதற்குண்டு என்பர்.

கொள்ளளவைப் பார்த்தால் பெட்ரோல் எஞ்சினைவிட இது சிறியதுதானே, இதில் மிகை எங்கே என்று கேட்கலாம். மிகை எடையிலும் அடியிலும் இருக்கிறது. பெட்ரோல் புல்லட்டில் உள்ளிழுத்த காற்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அமுக்கப்படும். பொறி ஒன்று அதனைப் பற்ற வைக்கும். டீசலுக்குப் பொறி கிடையாது. காற்றைப் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழாக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்ற வேண்டும். அந்த அமுக்கத்தைத் தாங்க வார்ப்பு தடிக்க வேண்டும்; ஓட்டத்தைச் சீராக்கக் கனத்த சக்கரம் வேண்டும். ஆகவே வண்டி ஏறத்தாழ 200 கிலோவாயிற்று. சக்தியோ ஆறரைக் குதிரைதான், பெட்ரோல் வண்டியில் மூன்றில் ஒரு பங்கு. மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். உதைத்து எழுப்பும்போது அமுக்கத்தை விடுவிக்கும் நெம்பை முதலில் அழுத்தாவிட்டால், காலுக்குத்தான் சேதம். ஓடும்போது அதிரும் அதிர்ச்சியில் மறைகள் கழன்று வழியில் உதிரும். இவ்வளவையும் பொறுத்தவனுக்குக் கிடைத்த வரம், ஒரு லிட்டர் டீசலில் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். பால்காரரும் வயலுக்குச் செல்பவரும் கிராமந்தோறும் சரக்குக் கொண்டு செல்பவரும் அதனை நாடினர். புகை பற்றிய விதிகள் இறுகியபோது, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது.

சௌராஷ்டிரத்தில் இதே புல்லட்டின் முன்பாதியோடு டீசல் எஞ்சினும் சரக்குத் தொட்டியும் சேர்ந்து 'சக்கடா' ஆயிற்று. வங்காள கிராமங்களில் மிதித்து ஓட்டும் தட்டு ரிக்ஷாவில் பம்பு எஞ்சின் ஏறி 'வேனோ' எனப் பெயர் பெற்றது. சென்னை காசிமேட்டில் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் பூட்டிய மீன்பாடி வண்டியை அறியாதவர் இலர். இவற்றுக்கெல்லாம் வரைபடம் கிடையாது. பழக்கமே அளவுகோல், ஒன்று முறிந்தால் அடுத்ததில் அந்த இடத்தில் இன்னுமொரு இரும்புப் பட்டை ஏறும். கர்ட்டிஸும் அப்படித்தானே கற்றுக்கொண்டார்?

தமிழில் சட்டம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைச் சமாளித்த மெக்கானிக்கு, மற்றச் சட்டத்தைச் சமாளிக்க இயலவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடுமாறு உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. கடிது எனினும் இவ்விதி காரணமற்றதன்று. பிரேக்கும் சட்டமும் வேறொரு எடைக்கென்று செய்யப்பட்ட வண்டியில் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் ஏறுவதை எந்த அதிகாரி அனுமதிப்பார்? ஆனால் அந்த வேனோவைத் தவிர வேறு வண்டி எட்டிப் பாராத ஊர்களில், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவாகவே இருந்திருக்கிறது. விதியை எழுதியவரும் வேனோவில் பயணம் செய்தவரும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அதே 52-ஆவது பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. மின்கலம், இயற்கை எரிவாயு, சூரிய சக்தி போன்ற வேறு சக்தியால் ஓடும்படி, குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம் என்பது அது. பழைய ஸ்கூட்டரின் எஞ்சினைக் கழற்றி மின் மோட்டாரும் மின்கலமும் வைத்துக் கொடுக்கும் பட்டறைகள் பல நகரங்களில் தோன்றியிருக்கின்றன. இந்த முறை மெக்கானிக்கின் கவலை எஞ்சினின் பருமனைப் பற்றியதன்று. கனத்த மின்கலத்தை ஆசனத்தின் கீழ் எங்கே அமர்த்துவது, அது சூடேறினால் என்ன செய்வது என்பதைப் பற்றியது. 1885-இல் பால் டைம்லர் ஏறி அமர்ந்த ஆசனத்தின் கீழும் சூடுதான் தொல்லை கொடுத்தது.